நல்லதம்பி தேர்ந்தெடுத்த கார்

நல்லதம்பியைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. ஆனாலும் வேறு யாரும் அவரைப் பற்றி எழுதப்போவதில்லை. அவருடைய பின்னந்தலையை என்னளவுக்குப் பார்த்தவர்களும் இல்லை. பத்தொன்பது வருடம் அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். வலது காதுக்குக் கீழே இருக்கும் தழும்பு, பிடரியில் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வந்த நரை, சட்டைக் காலரில் அவர் மனைவி ராசாத்தி போட்ட தையல் எல்லாம் எனக்கு மனப்பாடம். முகத்தைத்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

என் பெயர் அமலராணி. தென்னூரில் வீடு. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி, ஒரு நாற்காலி என்று கிடையாது. காலையில் புத்தூரில் ஒரு குடலிறக்கம், பதினோரு மணிக்குத் தில்லைநகரில் ஒரு சிசேரியன், அது முடிவதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்துவிடும். கத்தி பிடிக்கிற டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். ஐந்து நிமிடம் தாமதமானால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். இப்படி ஊரெல்லாம் ஓடுகிற பிழைப்பில் கார் ஓட்டுகிறவர்தான் பாதி டாக்டர்.

நல்லதம்பிக்குச் சொந்த ஊர் லால்குடி பக்கம். காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவந்த வண்டியை விட்டுவிட்டு என்னிடம் வந்தவர். குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், மனைவி ராசாத்தியோடு. ஆறடிக்கு அரை அங்குலம்தான் குறைவு. நான் ஐந்தடியைத் தொடவில்லை. எந்த நர்சிங் ஹோமுக்குப் பின்வாசல் எங்கே, எதில் லிஃப்ட் வேலை செய்யாது, ஸ்ரீரங்கத்தில் எந்த நாளில் எந்தத் தெருவைத் தேருக்காக அடைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் படியிறங்கி வருகிற விதத்திலேயே ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். சரியில்லை என்றால் காவிரிப் பாலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்.

மதியம் இரண்டரை தாண்டிவிட்டால் பின்சீட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா உட்கார்ந்திருக்கும். புளிச்சோறு, கீரைச்சோறு, சில நாள் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தது. வீட்டில் கொஞ்சம் கூடக் கட்டிவிட்டார்கள் என்பார். எனக்கு வயிற்றுப்புண், வெளிச்சாப்பாடு எதுவும் ஒத்துக்கொள்ளாது. இந்தச் சோறு மட்டும் எப்படியோ ஒத்துக்கொண்டது. ஒரு பெண் பத்தொன்பது வருடமாகத் தவறாமல் கொஞ்சம் கூடக் கட்டுவாளா என்று யோசிக்கிற புத்தி எனக்கு வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவாமல்தான் திருப்பிக் கொடுத்தேன்.

நான் கெட்ட முதலாளி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். சிலர் தங்கள் டிரைவரைப் பேர் சொல்லி வாடா என்று கூப்பிடும்போது எனக்குள் ஒரு மிதப்பு எழும். மரியாதையை வாயில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

போன வருடம் ஐம்பத்தெட்டு முடிந்தது. அவசர ஆபரேஷன்களை விட்டுவிட்டேன். இனிமேல் காலையில் இரண்டு ஆஸ்பத்திரி, மதியத்தோடு சரி. என் மகன் ஆசீர் கனடாவில் இருக்கிறான். அவன்தான் ஆரம்பித்தான்: ஆயுள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடியாயிற்று, இனி ஒரு நல்ல கார் வாங்கு, நீயே ஓட்டு. கியர் மாற்றுகிற தொல்லைகூட இப்போது கிடையாது, டிரைவர் எதற்கு?

அவன் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். ஆசை என்னுடையது. கணவர் இறந்த பிறகு எட்டு வருடமாகப் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வருகிறேன். முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து, பைபாஸில் என் இஷ்டத்துக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று இருந்தது. அதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். வெட்கம் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்லதம்பிக்கு விடுமுறை. அன்றைக்குப் பழைய காரை நானே எடுத்துக்கொண்டு மாதா கோவிலுக்குப் போவேன். எனக்கு இடது பக்கம் சரியாகப் பிடிபடாது. ஒரு தடவை கோவில் சுவர், ஒரு தடவை யாரோ ஒருவருடைய பூந்தொட்டி, பல தடவை என் வீட்டு கேட் தூண். திங்கட்கிழமை காலையில் நல்லதம்பி குனிந்து இடது பம்பரைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆசீர் இரண்டு கார்களைப் பொறுக்கி அனுப்பினான். இரண்டும் வெளிநாட்டுப் பேர் பெற்ற கம்பெனிகளின் ஆகக் குறைந்த விலைக்கார்கள். குறைந்த விலை என்றால் அவர்கள் கணக்கில். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, விளம்பரம் செய்ய எனக்கு யாரும் படியளக்கவில்லை. நீலம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், நீண்ட மூக்கு, ஒரு பட்டனை அழுத்தினால் உறுமும். சாம்பல் கொஞ்சம் அடக்கமானது, மூக்கு குட்டை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட நீலத்துக்கு ஏழு விநாடி, சாம்பலுக்கு எட்டரை. தென்னூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சாயங்காலத்தில் அரை மணி நேரம் ஆகிற ஊரில் இருந்துகொண்டு, அந்த ஒன்றரை விநாடியைப் பற்றி அம்மாவும் மகனும் ஒரு வாரம் போனில் விவாதம் செய்தோம். எனக்கு நீலத்தின் மேல்தான் கண்.

கேட்டால் சிரிப்பீர்கள், அந்த விவாதம் முழுக்க நான் பின்சீட்டில் உட்கார்ந்துதான் பேசினேன். முன்னால் நல்லதம்பி ஓட்டிக்கொண்டிருந்தார். 'நீயே ஓட்டு' என்கிற விஷயம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி வேகமான ஆங்கிலத்துக்கு மாறிவிடுவேன்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை? முன்பின் தெரியாத நோயாளிக்குக்கூட நான் ஊசி குத்துவதற்கு முன்னால் சொல்வேன். இப்போது முதுகில் ஒரு ஊசி, கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், பயப்பட வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். அதில் எனக்கு ஊரில் நல்ல பெயர். அதே வாயால் பத்தொன்பது வருடம் கூட இருந்தவரிடம் ஒரு வரி சொல்ல முடியவில்லை. கார் வரட்டும், வந்த பிறகு சொல்லலாம், அதற்குள் வேறு யாராவது டாக்டரிடம் அவருக்கு ஒரு இடம் பார்த்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அவருக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குப் பயம்.

பயம் இருந்தது, கூச்சம் இல்லை. எந்த வண்டி நல்ல வண்டி என்று சொல்ல எனக்கு அவர்தான் வேண்டும். இதுவரை வாங்கிய மூன்று கார்களும் அவர் ஓட்டிப் பார்த்துச் சொன்னவை, ஒன்றும் சோடை போகவில்லை. அதனால் அவரை வேண்டாம் என்று சொல்லப்போகிற காரை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு கம்பெனிக்காரர்களும் ஓட்டிப் பார்க்க வண்டிகளை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். காலையில் நீலம். கூட வந்தவர் பெயர் ஆஷ்லி, கழுத்தில் டை, கையில் அட்டை. ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும் என்றார். பெட்ரோல் கார்டு, இன்சூரன்ஸ் என்று கார் சம்பந்தப்பட்ட எல்லா ஃபார்மையும் நிரப்புவது நல்லதம்பிதான். அழகான கையெழுத்து. அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அதற்குள் ஃபார்மில் நடுவில் இருந்த கேள்வி என் கண்ணில் பட்டுவிட்டது: வண்டியை ஓட்டப்போவது உரிமையாளரா, டிரைவரா? நான் ஃபார்மை வெடுக்கென்று வாங்கி, 'உரிமையாளர்' என்பதில் நானே டிக் போட்டு, மடித்துக் கொடுத்துவிட்டேன். சமாளித்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி.

நல்லதம்பி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். ஏறினவர் செய்த காரியம்தான் எனக்கு அவமானமாகிவிட்டது. சீட்டை முன்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். கடைசிவரை இழுத்து, உயர்த்தி, பிறகு தலை கூரையில் இடிக்காமல் இருக்க முதுகைக் கூனி, முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் முட்ட, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே தென்னூர்ப் பாலம், சத்திரம், காவிரிப் பாலம் என்று ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரைக்கும் ஓட்டினார். வேகமும் எடுக்கவில்லை. நின்று நின்று, இடது பக்கம் எட்டி எட்டிப் பார்த்து, தெருவோரத்துப் பழவண்டிகளை ஒட்டி ஒட்டிப் போனார்.

அண்ணே, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள், இதில் இடம் தாராளமாக இருக்கிறது என்று ஆஷ்லி சொல்லிப் பார்த்தார். இருக்கட்டும் தம்பி என்றார் நல்லதம்பி. ஆஷ்லி வாய்க்குள் சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. பழைய வண்டிகளிலேயே பழகினவர், இதெல்லாம் தெரியாது, தப்பாக நினைக்காதீர்கள் என்று ஆஷ்லியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அளவு ஆங்கிலம் நல்லதம்பிக்குப் புரியும். அதுவும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் சாம்பல் வந்தது. அதிலும் அதே கூத்து. சீட்டை முன்னால் இழுத்து, கூனி உட்கார்ந்து, அதே ராஜகோபுரம்வரை. திரும்பி வந்ததும் கேட்டுக்குள் அவரே இரண்டு தடவை வண்டியை ஏற்றி இறக்கினார்.

அவர்கள் போன பிறகு எது என்று கேட்டேன். "நீலம் ஓட்ட ஆசையா இருக்குங்க. ஆனா சாம்பலையே வாங்குங்க" என்றார். ஏன் என்றேன். "மூக்கு தெரியுதுங்க" என்றார்.

இதை ஆசீரிடம் சொன்னேன். இவ்வளவு பெரிய காரில் டிரைவர் பார்த்தது மூக்கைத்தானா என்று அவன் சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு சாம்பலுக்கே பணம் கட்டினேன். அவர் சொல்லை மீறி நீலத்தை வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

கார் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் வாயைத் திறக்கவில்லை. நல்லதம்பி கொத்தனாரைக் கூட்டிவந்து கேட் சரிவைப் பூசி அகலமாக்கினார். இடது தூணில் மஞ்சள் பெயின்ட் அடித்தார். போர்ட்டிகோவில் கயிறு கட்டி ஒரு டென்னிஸ் பந்தைத் தொங்கவிட்டார், முன்கண்ணாடியில் பந்து தொட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது கணக்கு. பந்தே இல்லாமல் இத்தனை வருடம் விரற்கடை இடைவெளியில் நிறுத்தியவர் அவர். புது வண்டி, ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். கார் ஷோரூமுக்கு வந்ததும், வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே போய் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கார் வீட்டுக்கு வந்தது. விடுமுறை என்றாலும் நல்லதம்பி வந்திருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். எங்கள் வீட்டில் புதுக்கார் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அவர் போனதும் நல்லதம்பி பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, வண்டியில் ஏறி நசுக்குவார். மேலே என் சாமி, கீழே அவர் சாமி. என் கணவர் இருந்தபோதே ஏற்பட்ட ஏற்பாடு.

அன்றும் சாமியார் தெளித்துவிட்டுப் போனார். கம்பெனிக்காரர்களும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்லதம்பி நாலு பழத்தையும் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் பின்பக்க இடது கதவருகே போய் நின்றேன். அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினார். ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க டாக்டரம்மா. உக்காந்து பாருங்க, அளவு சரியா இருக்கான்னு."

வண்டியைச் சுற்றிப் போய் உட்கார்ந்தேன். சீட் முன்னால் இழுத்து, உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கால் பிரேக்கில் சரியாகப் படிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பானட்டின் இடது மூலை தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் இடது பின்சக்கரமும், அதனடியில் எலுமிச்சம்பழமும் தெரிந்தன. எதையும் நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவர் முந்தின நாள் ஷோரூமுக்குப் போனது கீறல் பார்க்க மட்டும் அல்ல, என் அளவைச் சீட்டின் பட்டனில் பதிந்து வைக்கவும்தான்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அந்த ஃபார்ம நீங்களே வாங்கி எழுதுனீங்கல்ல, அப்பங்க" என்றார். "இத்தனை வருசத்துல ஒரு ஃபார்ம் நீங்க எழுதி நான் பாத்ததில்ல. அதான் ரெண்டு வண்டியிலயும் சீட்ட உங்க அளவுக்கு இழுத்து வச்சுப் பாத்தேன். நீலத்துல உங்க உயரத்துக்கு இடது மூலை தெரியலங்க. இதுல தெரியுது."

நோயாளிக்கு மயக்கம் ஏறிவிட்டது என்று நம்பிக் கத்தி வைக்கிறபோது, உள்ளே ஆள் விழித்துக்கொண்டிருப்பது சில நேரம் நடக்கும். கை கால் அசைக்க முடியாது, வாய் திறக்க முடியாது, ஆனால் எல்லாம் தெரியும். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பயம் கிடையாது. முப்பது வருடத்தில் என் நோயாளி ஒருவருக்கும் அப்படி நேர்ந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வேன். நல்லதம்பி அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து விழித்தேதான் இருந்திருக்கிறார். நான் ஆங்கிலத்தில் சொன்னபோதும், ஆஷ்லி சிரித்தபோதும், கூனிக்கொண்டு என் இடது மூலையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

பழத்தை நசுக்கச் சொன்னார், நசுக்கினேன். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். முன்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். இடது பக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். காவிரிப் பாலத்தில் ஏறியதும் நான் பேச ஆரம்பித்தேன். வேலையைக் குறைத்துக்கொண்டேன், ஆசீர்தான் பிடிவாதமாக, வேறு ஒரு டாக்டரிடம் சொல்லி என்று என்னென்னவோ. "பாலத்துல பேச வேணாங்க. ரோட்டப் பாருங்க" என்றார்.

அவர் வீட்டு வாசலில் ராசாத்தி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். பத்தொன்பது வருடத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனது இரண்டு தடவை. ஓட்டுகிற பக்கத்திலிருந்து நான் இறங்குவதையும் மறுபக்கத்திலிருந்து நல்லதம்பி இறங்குவதையும் ராசாத்தி மாறி மாறிப் பார்த்தார். தட்டு அப்படியே கையில் நின்றது.

வீட்டில் சொல்லவில்லையா என்று நல்லதம்பியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க சொல்லாதத நான் எப்படிங்க வீட்ல சொல்றது" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அது முறையாகப் படவில்லை.

ஆகவே நான்தான் சொன்னேன். தெருவில் நின்றுகொண்டு, ராசாத்தியின் முகத்தைப் பார்த்து, இனிமேல் நானே ஓட்டிக்கொள்ளப் போகிறேன், நல்லதம்பிக்கு என்னிடம் இனி வேலை இல்லை, இதை முன்பே சொல்லாதது என் தப்பு என்று மூன்றே வாக்கியம். மூன்று வாரமாக வராத வார்த்தைகள். ராசாத்தி கேட்டுக்கொண்டார். காருக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். மஞ்சள் நீரைத் தொட்டுப் பானட்டில் பொட்டு வைத்தார். ஆரத்தியைத் தெருவில் கொட்டிவிட்டு வந்துதான் பேசினார்.

"அப்ப நாளையிலேருந்து டப்பா வேணாங்களா டாக்டரம்மா? உங்களுக்கு வயித்துப்புண்ணுன்னு காரமில்லாம ஒரு குழம்பு தனியா வைப்பேன். இனிமே ஒரே குழம்பாவே வச்சுடலாம்."

வேலை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான் என்று எனக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது அந்தக் குரல். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரில் ஏறினேன். நல்லதம்பி வழக்கம்போலக் கதவைச் சாத்தினார். இப்போது அவர் வேறொரு டாக்டரிடம் ஓட்டுகிறார், என் சிபாரிசில் இல்லை, தானே தேடிக்கொண்டார். அன்றைக்குத் தென்னூருக்குத் தனியாகத் திரும்பும்போது பாலத்திலும் சத்திரத்திலும் நான் எங்கேயும் இடிக்கவில்லை. இடது மூலை வழியெல்லாம் நன்றாகத் தெரிந்தது.